மலை முகாமில் ஹோண்டா இயூ2200ஐ: இரண்டு கோடைகளின் அனுபவம்

ஹோண்டா இயூ2200ஐ ஜெனரேட்டரை வாங்கும்போது கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே: இதில் ஏசி ஓடுமா? எங்கள் பழைய மோட்டார்ஹோமுடன் (தங்கும் வசதியுள்ள வண்டி) இரண்டு கோடைகள் கலிஃபோர்னிய மலை முகாம்களில் இதைப் பயன்படுத்திய பின், பேட்டரியைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தெரிகிறது. அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது; ஜெனரேட்டரையும் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 ஆகிய நேரங்களில் மட்டுமே ஓட்டலாம். மற்ற பதினெட்டு மணி நேரமும் பேட்டரிதான் கதி.

இது எனக்கு உறைத்தது யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில், ஓர் ஏப்ரல் இரவில். விடியற்காலை 4 மணிக்கு ஹீட்டரின் விசிறி இழுத்து இழுத்து ஓடி அடங்கிவிட்டது. ஹீட்டர் எரிவது புரொப்பேன் வாயுவில் என்றாலும், சூடான காற்றைத் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கிறது. இரவில் விட்டுவிட்டு மொத்தம் 5 மணி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்-மணி போய்விடும். வெளியே ஜெனரேட்டர் தயாராக நின்றும், 7 மணிவரை அதைத் தொட முடியாமல் குளிரில் விழித்திருந்தோம். விடிந்ததும் பேட்டரி மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்: ஈயத் தகடுகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெளுத்துக் காய்ந்திருந்தன. வண்டியை விற்றவர் அவற்றைப் புது பேட்டரி என்று சொல்லியிருந்தார்.

ஊர் திரும்பியதும் கோல்ஃப் வண்டிகளில் வைக்கும் 6 வோல்ட் பேட்டரி இரண்டை வாங்கித் தொடரிணைப்பில் பொருத்தினேன். கொள்ளளவு 220 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நம்பிச் செலவழிக்கக் கூடியது 110 மட்டுமே. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று கணக்கு.

ஜெனரேட்டரின் உண்மையான பயன் தெரிவது இங்கேதான். இதில் 12 வோல்ட் துளை ஒன்று இருக்கிறது. அது தருவதோ 8 ஆம்பியர் சொச்சம், இரண்டு மணி நேரத்தில் ஹீட்டர் தின்றதில் பாதிகூடத் திரும்பாது. அதைத் தொடாமல், வண்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் 30 ஆம்பியர் கம்பியை அடாப்டர் வழியாக 120 வோல்ட் துளையில் செருகி, வண்டியில் உள்ள 55 ஆம்பியர் சார்ஜரைக் கொண்டே ஏற்ற வேண்டும். காலையில் பேட்டரி காலியாக இருப்பதால் முதல் ஒரு மணி நேரம் 40 ஆம்பியருக்கு மேல் விழுங்குகிறது. எண்பது விழுக்காட்டைத் தாண்டியதும் முரண்டு பிடிக்கத் தொடங்கி, 9 மணி நெருங்கும்போது 15 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. மீதி இருபது விழுக்காட்டை நிரப்பப் பகலிலும் பெட்ரோலை எரித்து அண்டை அயலாரின் அமைதியைக் கெடுப்பதைக் காட்டிலும், அந்த வேலையைக் கூரையில் உள்ள 200 வாட் சூரியத் தகட்டிடம் விட்டுவிடுவதே மேல்.

சத்தம் பற்றிய விளம்பரம் பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. 48 டெசிபல் என்பது கால் பங்குச் சுமைக்கு. முழுச் சுமையில் 57. சார்ஜர் முழு வேகத்தில் இழுக்கும்போது, சுமைக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் ஈக்கோ பொத்தானால் பெரிய பலன் இல்லை. 21 கிலோ எடையை ஒரு கையால் தூக்கலாம் என்பதும் இளைஞர்களுக்குச் சரி.

உயரத்தைக் கணக்கில் கொள்ளாதவர்கள் ஏமாந்து போவார்கள். தொடர்ந்து 1800 வாட் தரும் இந்த எஞ்சின், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3.5 விழுக்காடு திறனை இழக்கிறது. யோசெமிட்டியிலேயே சுமார் 2600 மீட்டர் உயரத்தில் உள்ள டுவலமி மெடோஸ் முகாமில் மிஞ்சுவது 1260 வாட் அளவே. அங்கே பேட்டரி ஏறிக்கொண்டிருந்தபோது தேங்காய்ச் சட்னிக்காக மிக்ஸியைப் போட்டோம். சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றது. இப்போதெல்லாம் அரைக்கும்வரை சார்ஜரின் பிரேக்கரை இறக்கி வைக்கிறோம்.

ஏசி கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி தாழ்வான இடங்களில், தொடக்க இழுவையைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி பொருத்தினால் ஓடும், அது இல்லாமல் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு கூடினால் தானாக நிற்கும் வசதி புதிய மாதிரிகளில் உண்டு என்றாலும், புகைப்போக்கியைச் சன்னல்களுக்கு எதிர்ப்புறம் திருப்பித் தள்ளி வைப்பதை நான் விடவில்லை.

ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது வீண் என்று தோன்றவில்லை. ஆனால் பேட்டரி பழசாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஏற்கெனவே லித்தியம் பேட்டரியும் 400 வாட் தகடும் வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் மட்டும் முகாமிடுபவர்கள் இதை வாங்காமலே சமாளிக்கலாம். மரநிழலிலும் மழையிலும் தங்குபவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்.