சங்கிலியா, கிங்பின் பூட்டா? ரயில் ஏறும் ட்ரெய்லருக்கு எது தோது

சங்ககிரியில் லாரித் தொழில் வீட்டில் வளர்ந்தவன் நான். தர்மபுரிப் பக்கமிருந்து லோடு ஏற்றி வரும்போது, தொப்பூர் கணவாய் இறங்குமுன் சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி, இரும்புக் கம்பியால் சங்கிலியைத் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் சரி. சளக் என்றால் சங்கிலியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை இரண்டு சுற்று முறுக்குவார். ரயிலில் ஏறிய ட்ரெய்லருக்கு அப்படி நடுவழியில் தட்டிப் பார்க்க ஆள் கிடையாது.

அமெரிக்காவில் தட்டை வேகன்களில் ட்ரெய்லர் ஏற்றுவது 1950களில் சூடுபிடித்தது. அப்போதிருந்த பழைய வழி சங்கிலிதான். ட்ரெய்லரின் மூக்குக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, சேசிஸை வேகன் தளத்தோடு சங்கிலியால் இழுத்து முறுக்குவார்கள். பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் சேசிஸ் உட்கார்ந்திருப்பது பட்டைகளின் மேல், அதாவது சக்கரங்களுக்கு மேலே உள்ள ஸ்பிரிங் பட்டைகளின் மேல். வேகன் குலுங்கும்போது பட்டை அமுங்குகிறது, சங்கிலி தொய்கிறது. பட்டை எழும்பியதும் சங்கிலி வெடுக்கென்று இழுபடுகிறது. இரவெல்லாம் இதே கதை என்றால் எந்த முறுக்குதான் நிற்கும்? தவிர, ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் அடியில் ஆள் குனிந்து புகுந்து வர வேண்டும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் மடக்கு ஸ்டாண்டு. லாரியின் முதுகில் ட்ரெய்லரைக் கவ்விப் பிடிக்கும் தட்டான ஃபிப்த் வீலை அப்படியே வேகன் தளத்தில் பொருத்தியது போல. ட்ரெய்லரைப் பின்னோக்கி ஏற்றும்போது தரையோடு படுத்துக் கிடக்கும். இடத்துக்கு வந்ததும் நிமிர்த்தினால், ட்ரெய்லர் மூக்கின் அடியில் நீட்டியிருக்கும் இரும்பு முளையான கிங்பின்னைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். மூக்கின் பாரமும் அதன் மேலேயே. லோடு முழுவதையும் லாரி இழுப்பதே கிங்பின்னைப் பிடித்துத்தானே, ரயிலின் உதறலையும் அதே இடம் வாங்குகிறது. பின்சக்கரங்கள் சும்மா டயரில் நிற்கின்றன. பட்டைகள் ஆடினாலும் தொய்வதற்குச் சங்கிலியே இல்லை. ட்ரெய்லர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

நம்மூரில் ஓடுவது வேறு. கொங்கண் ரயில்வே 1999 முதல் ரோரோ (லாரியே ஓடி ஏறி, ஓடி இறங்கும் ரயில்) ஓட்டுகிறது. 2020-இல் நெலமங்கலாவிலிருந்து சோலாப்பூர் பக்கம் பாலேக்கும் ஒன்று தொடங்கியது. இதில் ஏறுவது முழு லாரி, டிரைவரோடு. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கர வண்டிகளுக்குக் கிங்பின்னே கிடையாது. ஸ்டாண்டு எதைக் கவ்வும்? அங்கே கட்டையும் சங்கிலியும்தான் வழி. சங்ககிரி வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை நம்பாமல் கட்டையோடு குதித்த கிளீனர்களுக்கு இதில் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஒன்று, ஸ்டாண்டு பிடிப்பது ட்ரெய்லரை மட்டும். சேலம் உருக்காலைக் காயிலை, அதாவது சுருட்டிய எஃகுத் தகட்டை ஏற்றினால், காயிலுக்கும் ட்ரெய்லர் தளத்துக்கும் நடுவில் இருப்பது அதே பழைய சங்கிலிதான். யார்டிலிருந்து ரயில் கிளம்புமுன் அதைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.