செராமிக் கிளிப் மஞ்சளாகாமல் இருக்க: ஒன்றரை வருட அனுபவம்

பல்லை வரிசையாக்க, பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் கிளிப் போட்டு ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. போடும் முன் என்னைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்: நாளாக நாளாக இது மஞ்சளாகிவிடாதா? அதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நிறம் மாறுவது பெரும்பாலும் பிராக்கெட் அல்ல. பல்லில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னத் துண்டு அலுமினியம் ஆக்சைடால் ஆனது. அதற்குள் சாயம் அவ்வளவு எளிதில் இறங்காது. கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்து வைக்கிற குட்டி ரப்பர் வளையம்தான் மஞ்சளாகிறது. அது பாலியூரித்தேன் வகை. நீரையும் நிறத்தையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் மஞ்சளானால் எதிரே நிற்பவர் கண்ணுக்குக் கிளிப் முழுவதுமே மஞ்சள்தான். பழைய ரப்பரை எடுத்ததும் கண்ணாடியில் பாருங்கள், பிராக்கெட் வெள்ளையாகவே இருக்கும்.

ரப்பருக்கு முதல் எதிரி மஞ்சள் தூள். அதன் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயோடு சேர்ந்த மஞ்சள் ஒரே வேளையில் ரப்பரைப் பிடித்துவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. காபி, டீ, சிகரெட் எல்லாம் மெதுவாகப் பழுப்பாக்கும். ரப்பரை வழக்கமாக நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதனால் மஞ்சள் தூக்கலான சாப்பாட்டை அடுத்த மாற்றத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களுக்குத் தள்ளிவைப்பேன். எனக்கு அதிகம் பலன் தந்தது இந்த ஒரு பழக்கம்தான். காபியை நான் விடவில்லை. குடித்த கையோடு வாயை நன்றாகக் கொப்பளித்துவிடுவேன், அவ்வளவுதான்.

ரப்பர் நிறத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி போல இருப்பது முதல் நாள் அழகு. ஆனால் கறையை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெளிர் சாம்பல் நிறம் எனக்கு நன்றாக ஒத்துவந்தது. ரப்பரே தேவைப்படாத, மூடி போட்ட செராமிக் பிராக்கெட்டும் உண்டு. மறுபடி தொடங்குவதாக இருந்தால் அதைத்தான் கேட்பேன். வெள்ளைப் பூச்சுக் கம்பியில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூச்சு அங்கங்கே உரிந்து உள்ளிருக்கும் உலோகம் தெரிகிறது.

அடுத்தது பசை. பிராக்கெட் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ஒட்டுப்பசை சொரசொரப்பாக இருந்தால் அழுக்கும் கறையும் அங்கேதான் குடியேறும். பிராக்கெட்டைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதை நீங்களே சுரண்ட வேண்டாம்.

வெண்மையாக்கும் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள். அது ரப்பர் கறையை நீக்காது. பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள பல்லை எட்டவும் செய்யாது. கிளிப்பைக் கழற்றும்போது பல் இரண்டு நிறமாகத் தெரியலாம். எலுமிச்சை, சோடா உப்பு வைத்தியமும் வேண்டாம், பல்லின் மேல் உறையான எனாமல்தான் பாழாகும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதுவே பழுப்புக் கறை தரும். மருத்துவர் சொன்ன நாட்களோடு நிறுத்திவிடுங்கள்.

மஞ்சள் கறையைவிட நான் அதிகம் பயப்படுவது வெள்ளைத் திட்டுக்குத்தான். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் எனாமலில் இருந்து தாது கரைந்து சுண்ணாம்புத் திட்டு போல ஒன்று விழும். ரப்பர் கறை அடுத்த மாற்றத்தில் போய்விடும், இந்தத் திட்டு கிளிப் போன பின்னும் பல்லிலேயே நிற்கலாம். அதனால் ஃபுளோரைடு பேஸ்ட்டும் மென்மையான பிரஷும் வைத்து, பிராக்கெட்டுக்கு மேல் ஓரம், கீழ் ஓரம் என்று தனித்தனியாகத் தேய்க்கிறேன். அப்புறம் கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ். இரவில் மட்டும் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குகிறேன், அவசரப்படுவதில்லை. புளிப்பாக எதையாவது குடித்திருந்தால் அரை மணி நேரம் விட்டுத்தான் பிரஷ்.

கிளிப் போடும் முன் மருத்துவரிடம் இதைக் கேட்டு வையுங்கள்: இடையில் ஏதாவது விசேஷம் வந்து ரப்பர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தால் வரலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?