எல்லோருக்கும் மறுதேர்வா, பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமா? தொலைந்துபோன பத்து வினாக்களின் கணக்கு

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வாசகர் வட்டத்தின் இணைய வினாடி வினா நிகழ்ச்சிக்குப் போட்டியாளர்களைத் தெரிவு செய்யும் தேர்வை இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து நடத்தினோம். எழுதியவர்கள் 58 பேர். இருந்த இடங்கள் 12. நாற்பது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடிகள். பதினெட்டாவது வினா வந்தபோது சர்வர் திணறியது. மூன்று நிமிடங்களுக்கும் மேலாக 21 பேரின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. பதினெட்டு முதல் இருபத்தேழு வரை பத்து வினாக்கள் அவர்கள் கண்ணில் படாமலே கடந்து போய்விட்டன.

அன்றிரவு எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: நடந்தது நடந்ததாக விட்டுவிடுவது, அந்தப் பத்து வினாக்களை எல்லோருக்கும் நீக்கிவிடுவது, தேர்வையே இரத்துச் செய்து 58 பேரையும் மறுபடி எழுத வைப்பது, பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தொலைந்த பகுதியைத் திரும்பக் கொடுப்பது. நாங்கள் கடைசி வழியில் போனோம். இன்னொரு முறை நடந்தாலும் அதில்தான் போவேன்.

விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் “கோளாறு யாருக்கும் வரலாம், அது அவரவர் அதிர்ஷ்டம்” என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னார். அதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். பதினெட்டாவது வினாவில் பெரிய படம் ஒன்றைச் சேர்த்திருந்தோம். 58 கைத்தொலைபேசிகளும் ஒரே விநாடியில் அதைக் கேட்டன. நல்ல சிக்னல் உள்ளவர்கள் படத்தை உடனே இறக்கிக்கொண்டு விலகினார்கள். சிக்னல் குறைந்தவர்களின் இணைப்பு பாதியில் தொங்கியது. அப்படித் தொங்கிய இணைப்புகளே சேர்ந்து சர்வரை அடைத்தன, அடைபட்டபோது வெளியே நின்றவர்களும் அவர்களே. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நகரத்தில் இருந்து எழுதியவர்களில் இரண்டு பேர்தான் சிக்கியிருந்தார்கள். மீதி எல்லோரும் பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். பள்ளத்தில் இருக்கும் லயத்தை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மட்டும் தேடிப் போய் விழுந்த அடியை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வினாக்களை நீக்கும் வழி நம் நாட்டுப் பெற்றோருக்குப் பழக்கமானது. 2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் மறுபரீட்சை வைக்காமல் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கப்பட்டது. எல்லோருக்கும் புள்ளி கொடுப்பதும் வினாவை நீக்குவதும் வேறு வேறு போலத் தோன்றும். தரவரிசைக்கு இரண்டும் ஒன்றுதான், யாரும் யாரையும் முந்தப் போவதில்லை. மூன்று வினாக்கள் என்றால் ஒரு தேர்வு அதைத் தாங்கும். எங்களுக்குப் போனது நாற்பதில் பத்து. அதுவும் மலையக வரலாறும் இலக்கியமும் தொடங்கும் இடம். கோளாறில் சிக்காதவர்கள்கூட அந்தப் பத்தில் பாதிக்கும் குறைவாகவே சரியாக எழுதியிருந்தார்கள். அங்கே எட்டு வினாக்களுக்குச் சரியாக விடை எழுதிய ஒரு பிள்ளையிடம் போய் அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று சொல்வது களவு. மீதி முப்பதை வைத்து விகிதம் போட்டுப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புள்ளியைக் கூட்டிக் கொடுக்கலாமா என்றும் பார்த்தோம். கடினமான பகுதியை எழுதாமலே, எளிய பகுதியின் விகிதத்தில் அவர்களுக்குப் புள்ளி கிடைத்திருக்கும். அநீதி மறுபக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

ஆக உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். தாளில் எழுதிப் பார்த்தால் எல்லோருக்கும் மறுதேர்வு என்பதே மிக நேர்மையானது. ஒரே வினாத்தாள், ஒரே நேரம், யாருக்கும் சலுகை இல்லை. நானும் முதலில் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

என் மனத்தை மாற்றியது மறுநாள் காலை வந்த ஓர் அழைப்பு. பொகவந்தலாவைப் பக்கத்துப் பெண், தேர்வைத் தடங்கலில்லாமல் எழுதி முடித்தவர். “சேர், எல்லோரும் மறுபடி எழுத வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்களே, உண்மையா? நான் கோயில் மேட்டுக்கு ஏறித்தான் எழுதினேன். அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் மழை விட்டிருந்தது. இனி எப்போது விடும் என்று தெரியாது” என்றார். கைத்தொலைபேசி அவருடையது இல்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தபோது கேட்டு வாங்கியது. திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அண்ணனோடு அதுவும் போய்விட்டது.

மறுதேர்வு வைக்கலாம் என்று நாம் சொல்லும்போது வினாத்தாள் தயாரிக்கும் நம் உழைப்பைத்தான் செலவாக எண்ணுகிறோம். எழுதுகிறவரின் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் ஒருவர் ஒருவராக அழைத்துக் கேட்டேன். கோளாறில் சிக்காத 37 பேரில் பதினான்கு பேர் வீட்டை விட்டு வேறு இடம் போய் எழுதியிருந்தார்கள்: மேடு, பாடசாலை வாசல், நகரத்து உறவினர் வீடு. ஒன்பது பேர் இரவல் கைத்தொலைபேசியில் எழுதியிருந்தார்கள். டேட்டாவுக்குத் தனிக் காசு. வேலை நாளில் வைத்தால் கொழுந்து பறிக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் பெயர், அதாவது அன்றைய சம்பளம், போகும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாய். அதை இழந்து வினாடி வினா எழுத எந்த வீட்டில் விடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும் மழையும் மின்தடையும் நம் கையில் இல்லை. மறுதேர்வு அன்று நகரத்துப் பிள்ளை சோபாவில் உட்கார்ந்து இரண்டாவது முறை எழுதும். மேட்டுக்கு ஏறியவரில் சிலர் வரவே மாட்டார்கள். வராதவர்கள் முறைப்பாடும் செய்ய மாட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் பட்டியலிலிருந்து அப்படியே மறைந்துவிடும். பார்வைக்கு எல்லோருக்கும் சமமாக இருக்கும் வழி, சிக்னலைத் தேடி நடந்தவர்களையே இரண்டாம் முறை வடிகட்டுகிறது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்றால் இந்தச் செலவு பெரிதும் சுருங்கும். தொலைந்தது 200 விநாடி. அதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். அடுத்த ஞாயிறு காலையிலும் மாலையிலுமாக இரண்டு நேரம் கொடுத்து, விரும்பியதைத் தெரிவு செய்யச் சொன்னோம்.

இந்த வழியின் பலவீனமும் பெரியதுதான். புதிய பத்து வினாக்கள் பழைய பத்தைப் போலவே கடினமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் அதே துறையில் ஒரு சோடி தேடினோம். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஆண்டு (1867) என்ற வினாவுக்குப் பதிலாக, மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் ஆண்டை (1964) வைத்தேன். இரண்டும் ஆண்டுதானே என்று நினைத்தேன். எங்களோடு வேலை செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. “தாத்தாவோ பெரியம்மாவோ இந்தியாவுக்குப் போன கதை இல்லாத வீடு இங்கே எது? இது எல்லோருக்கும் தெரியும்” என்றார். அதை எடுத்துவிட்டு முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்ட ஆண்டை (1940) வைத்தோம். காலைக்கும் மாலைக்கும் வெவ்வேறு வினாத்தாள்கள் வேண்டியிருந்ததால் இந்த வேலையை இரண்டு தடவை செய்தோம். மூன்று தாள்களும் ஒரே எடை என்று சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் கவனத்துக்கு எட்டிய அளவில் சமம்.

ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு, அது கோளாறு வருவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது. அமெரிக்காவின் ஜெப்பர்டி என்ற தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சி 2006இல் இணையத் தேர்வுக்கு வந்தபோது, குறித்த மாலைகளில்தான் எழுத முடிந்தது. 50 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிகள். 2020 முதல் விரும்பிய நேரத்தில் எழுதலாம் என்று மாற்றினார்கள். அப்படிச் செய்தால் ஒரு கோளாறு எல்லோரையும் ஒரே அடியில் வீழ்த்தாது. ஆனால் அதற்கு வினாக் களஞ்சியம் வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து வினா எழுதும் எங்களுக்கு அது இப்போதைக்கு எட்டாது. ஆயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வில் எங்கள் முறை செல்லுமா என்பதையும் அனுபவத்தில் சொல்ல முடியாது. 58 பேர் என்பதால்தான் ஒவ்வொருவரோடும் பேச முடிந்தது.

யார் பாதிக்கப்பட்டவர் என்பதை முறைப்பாட்டை வைத்துத் தீர்மானிக்கவில்லை. சர்வர் பதிவை வைத்தே தீர்மானித்தோம். முறைப்பாடு செய்தவர்கள் எட்டுப் பேர்தான். மீதிப் பதின்மூன்று பேர் தங்கள் சிக்னல்தான் பழுது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். பதிவைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர்களுக்கு நாங்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டோம்.

பதிவும் எல்லாவற்றையும் சொல்லாது. எங்கள் சர்வர் சீராக ஓடிக்கொண்டிருந்த முப்பதாவது வினாவில் சாமிமலைப் பக்கத்தில் இருவரின் இணைப்பு ஒரே நிமிடத்தில் அறுந்திருந்தது. இருவரும் வேறு வேறு தோட்டங்கள். அந்தப் பகுதிக் கோபுரம்தான் நின்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவர்கள் இழந்த வினாக்களுக்கும் சோடி தேடிக் கொடுத்தோம். மொத்தம் 23 பேர் மீள எழுதினார்கள். தெரிவான பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அவர்களிலிருந்து வந்தவர்கள்.

இராகலைப் பக்கத்து மாணவி ஒருவரின் இணைப்பும் முப்பத்திரண்டாவது வினாவில் அறுந்து, முப்பத்தாறில் திரும்பியிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வேறு யாரும் எழுதவில்லை. மழைக்கு மின்சாரம் நின்றது என்றார். விடை தேடுவதற்காக இணைப்பைத் துண்டித்திருந்தாலும் பதிவில் அதே வெறுமைதான் இருக்கும். நாங்கள் மறுத்தோம். நான்கு வினாக்கள். பன்னிரண்டாவது இடத்துக்கும் அவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் இரண்டு புள்ளிகள். அவர் சொன்னது உண்மை என்றே நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்து மற்றவர்களுக்குப் பதில் சொல்ல முடியாதே என்று அன்று நினைத்தேன். இந்த ஆண்டு அறிவித்தலில், இணைப்பு அறுந்தால் அந்த இடத்திலிருந்தே பத்து நிமிடத்துக்குள் ஒரு முறை தொடரலாம், விடுபட்டவற்றுக்குப் புதிய வினாக்கள் வரும், காரணம் கேட்கப்பட மாட்டாது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம். அந்த வரியை அவருக்குத் தனியாகவும் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. பெயர் பதிவதற்கான காலம் முடிய ஒன்பது நாட்கள் இருக்கின்றன.