எல்காட் பக்கத்தில் ஐந்து நாள் சிவப்பு விளக்கு

மூன்று வருஷம் கழித்து மதுரைக்குப் போய் 18 நாள் இருந்தேன். அதில் ஐந்து நாள் கதையைத்தான் எழுதப்போகிறேன். மற்ற 13 நாளும் நல்லபடியாகப் போயின, அதில் சொல்ல என்ன இருக்கிறது?

வீடு கோமதிபுரத்தில். பாண்டி கோவில் பக்கம் என்றால் யாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிடா வெட்ட வேன் வேனாக வந்து இறங்குவார்கள். வண்டியில் ஐந்து நிமிஷம் போனால் இலந்தைகுளம் எல்காட் ஐ.டி. பார்க், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம். அப்பா இங்கே இடம் வாங்கியபோது, "பாம்புக்குத் துணையாப் போறியா?" என்று மாமா கேட்டாராம். இப்போது எங்கள் தெருவில் கீழ்வீட்டில் சௌராஷ்டிரா கேட்கிறது, எதிர் மாடியில் தேனி, விருதுநகர்ப் பையன்கள் நாலு பேர், கோடியில் கட்டுகிற புது வீட்டில் ஒடியா. பூக்கார அக்கா மட்டும் எல்லாரிடமும் ஒரே தமிழில் பேரம் பேசுகிறார். மாட்டுத்தாவணியில் டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து வீட்டுக்காரர்களின் வாடகைக் கணக்கே வேறு.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சன்னிவேலில் நான் இருக்கும் இடமும் இதே மாதிரிதான். பக்கத்தில் கம்பெனிகள், அதனால் பல பாஷைச் சனம், அதனால் வாடகை. ஆனால் அங்கே பக்கத்து வீட்டுச் சீனக்காரர் பெயர் ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. இங்கே பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே என் சம்பளத்தை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பாதி நாள் லீவு, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மே மாதத்தில் இரவு எட்டரை. சௌகரியமான நேரம்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் தெருமுனையில் சாக்கடைக் குழாய்க்கு ஜேசிபி குழி தோண்டியது. ஏழு மணிக்கு வீட்டில் நெட் பெட்டியில் ஒரு விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது.

நெட் கம்பெனியின் செயலியில் புகார் கொடுக்கலாம். ஆனால் கனெக்‌ஷன் மச்சான் நம்பரில் வாங்கியது. மச்சான் திருப்பூரில். ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் பனியன் கம்பெனி சத்தத்துக்கு நடுவே அதைப் பார்த்துப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாவது தடவை புகார் பதிவானது. 24 மணி நேரத்தில் சரியாகும் என்றார்கள். மறுநாள் மச்சானுக்குக் குறுஞ்செய்தி: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நான் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு. யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. இப்படியே மூன்று தடவை தீர்த்தார்கள்.

சன்னிவேலில் இதற்கு வேறு கொடுமை உண்டு. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஆள் வரும் என்பார்கள், நாம் லீவு போட்டு வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். ஆனால் வராமலே வேலை முடிந்ததாக எழுதுகிற துணிச்சலை நான் அங்கே பார்த்ததில்லை. பழைய காலத்தில் லேண்ட்லைன் கெட்டால் 198க்கு அடித்துப் புகார் சொன்னால் லைன்மேன் சைக்கிளில் வருவார், நாலு நாள் கழித்தாவது. வந்தால் காபி. தீபாவளிக்கு இனாம். திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்தது.

அதுவரை அம்மாவின் செல்போனில் நெட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், வண்டியூர்க் கண்மாய்க் கொசுக்களோடு மீட்டிங். அன்றைக்குள்ள டேட்டா தீர்ந்தால் அம்மாவின் சீரியலும் போச்சு.

"கேபிள்காரத் தம்பிகிட்டச் சொல்லவா?" என்று அம்மா முதல் நாளே கேட்டாள். நான் வேண்டாமென்றேன். பத்து வருஷமாக நெட்வொர்க் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன், கேபிள்காரரிடம் போவதா? ஐந்தாம் நாள் அம்மா என்னைக் கேட்கவில்லை, நேராகப் போன் போட்டுவிட்டாள். இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்தார். இந்த ஏரியாவுக்குள் அந்தக் கம்பெனி லைனை இழுத்ததே இவர்கள்தானாம். அது எனக்குத் தெரியாது, செயலிக்கும் தெரியவில்லை.

ஒயரைக் கழற்றிச் சின்ன மீட்டரில் சொருகினார். "லைட்டே வரலண்ணே." ஃபைபரில், அதாவது ஒயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையில், வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம். அதனால் பேனா மாதிரி ஒன்றை வைத்துச் சிவப்பு லேசரை வீட்டிலிருந்து உள்ளே விட்டார். இருவரும் தெருவில் ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். இஸ்திரி வண்டிக்குப் பின்னால், மண்ணோடு மண்ணாகக் கிடந்த இடத்தில், ஒயர் நுனி மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது.

இஸ்திரிக்காரர் துணிகளை ஒதுக்கித் தன் மேசையில் பாதியைக் கொடுத்தார். ஒட்டுகிற மெஷின் அதன்மேல் ஏறியது. முதலில் கேபிள்காரர் ஒரு பிளாஸ்டிக் குழலை ஒயரில் மாட்டிவிட்டார். "இதை மறந்தா திரும்பவும் வெட்டணும்ணே." உறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் துடைத்து, ஒரு கருவியில் வைத்து அமுக்கினார். டிக். கண்ணாடி இழை நேராக வெட்டுப்பட்டது. மொத்த இழையின் தடிமனே 125 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதற்குள் ஒளி போகிற வழி வெறும் 9. அந்த எண்களை நான் திரையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இழையைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. மெஷினின் சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் தாமாகவே நகர்ந்து எதிரெதிரே வந்து நின்றன. ஒரு பொறி. ஒட்டிக்கொண்டது. ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது, இழப்பு இல்லை என்றே சொல்லலாம். குழலை ஒட்டின இடத்துக்கு நகர்த்திச் சூடு காட்டினார். வெட்டின துணுக்குகளை ஒவ்வொன்றாக டேப்பில் ஒட்டிச் சுருட்டினார். "துணியில ஏறிருச்சுன்னா யார் உடம்புல குத்துச்சுன்னே தெரியாதுண்ணே." இஸ்திரிக்காரர் தன் பங்குக்கு இரண்டு சட்டைகளை உதறிப் பார்த்துக்கொண்டார்.

கேபிள்காரர் 300 ரூபாய் கேட்டார். என்னிடம் 500 ரூபாய் நோட்டு, அவரிடம் சில்லறை இல்லை. அமெரிக்க அட்டையை எடுத்துக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மா வாசலிலிருந்தே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் போனில் இருந்த கட்டத்தை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினாள். "போயிருச்சாய்யா?" "வந்துருச்சும்மா."

அன்று இரவு எட்டரைக்கு விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மீட்டிங்கைத் திறந்தேன். அமெரிக்காவில் ஏதோ விடுமுறையாம், ரத்து.

சன்னிவேல் திரும்பி இரண்டாம் நாள் மச்சான் போன் செய்தார். கம்பெனி ஆள் ஒருத்தர் கோமதிபுரம் வீட்டு வாசலில் நிற்கிறாராம், லைனில் என்ன கோளாறு என்று கேட்கிறாராம். அம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்திருக்கிறாள்.