சிறுநீரகம் தளர்ந்த நீரிழிவு: லினாகிளிப்டினா, டாபாகிளிஃப்ளோசினா?

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 38 என்று வந்ததும், அம்மாவின் வழக்கமான நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் பாதியாகக் குறைக்கப்பட்டது. 30-க்குக் கீழே இறங்கினால் அதையும் நிறுத்திவிட வேண்டும். உடன் சேர்க்க மருத்துவர் முன்வைத்தவை லினாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் என்ற இரண்டு நீரிழிவு மாத்திரைகள். அவருடன் பேசி இரண்டாவதைத் தேர்ந்தோம்.

லினாகிளிப்டின் மோசமான மாத்திரையன்று. பெரும்பகுதி பித்தநீரோடு குடல் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. அதை மட்டும் எடுத்துக்கொள்பவருக்குத் தாழ்சர்க்கரை வருவதும் அரிது. ஆனால் 2018-இல் வெளியான, லினாகிளிப்டினைச் சோதித்த கார்மெலினா ஆய்வில் அது சிறுநீரகச் செயலிழப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். 4304 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான, டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்த டாபா-சிகேடி ஆய்வில், ஈ.ஜி.எஃப்.ஆர். பாதிக்கு மேல் சரிவது, இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரக அல்லது இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவே இல்லை என்பதால், இந்தப் பயன் சர்க்கரை குறைவதால் மட்டும் வருவதன்று. வடிகட்டும் நுண்குழல் முடிச்சுகளுக்குள் இருக்கும் அழுத்தம் தணிவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே இருக்கும்போது இம்மாத்திரை சர்க்கரையைக் குறைப்பது சொற்பமே. ஆகவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யை மட்டும் பார்ப்பவர் ஏமாற்றமடைவார். சிறுநீரில் இறங்கும் அல்புமின் என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பராமரிப்புச் சுமையும் டாபாகிளிஃப்ளோசினுக்கே அதிகம். தொடங்கிய முதல் வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சற்று ஏறும். அதைக் கண்டு தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதால் சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல், நீண்ட விரதம் ஆகிய நாள்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வீட்டில் யாருமில்லாத முதியவருக்கு நான் லினாகிளிப்டினையே சொல்வேன். ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்குக் கீழே இருப்பவருக்கு டாபாகிளிஃப்ளோசினைப் புதிதாகத் தொடங்குவதும் வழக்கமில்லை.

இரண்டுக்கும் மலிவான மாத்திரைகள் வந்துவிட்டதால், விலை பெரிய பிரச்சினை இல்லை. அம்மா டாபாகிளிஃப்ளோசினைத் தொடங்கிச் சில மாதங்களே ஆவதால், அவருடைய அறிக்கையை ஆதாரமாகக் காட்ட மாட்டேன். சர்க்கரை போதிய அளவு குறையாவிட்டால் லினாகிளிப்டினையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.