ஆப் கணக்கா, கிளை உள்ள புரோக்கரா: சிக்கிக்கொண்ட நாளில் யார் போனை எடுக்கிறார்கள்?

பங்கு வாங்கி விற்க என்னிடம் இரண்டு கணக்கும் இருக்கின்றன. ஒன்று 2020 ஊரடங்கில் வீட்டில் இருந்தபடியே தொடங்கிய, கட்டணம் குறைவான டிஸ்கவுன்ட் புரோக்கர் ஆப். இன்னொன்று புதுச்சேரி காமராஜர் சாலையில் கிளை வைத்திருக்கும் பழைய பாணி புரோக்கரிடம், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டு 2024 ஜூலையில் தொடங்கியது. இப்போது பெரிய தொகை எல்லாம் இரண்டாவதில்தான். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவில் ஆப்புக்குப் போட்டியே கிடையாது. பங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும் டெலிவரிக்கு எனக்கு புரோக்கரேஜ், அதாவது புரோக்கர் கட்டணம், இல்லை, அன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடேவுக்கு ஒரு ஆர்டருக்கு அதிகபட்சம் 20 ரூபாய். கிளையில் டெலிவரிக்கு 0.30 சதவீதம்: ஒரு லட்சத்துக்கு வாங்கினால் 300, விற்றால் மறுபடி 300, அதற்கு மேல் ஜிஎஸ்டி. சார்ட், ரிப்போர்ட் எல்லாவற்றிலும் ஆப்தான் மேல்.

ஆனால் 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது, அரசுத் துறைப் பங்குகள் அதைவிட மோசம், என் கையில் இருந்ததும் அவைதான். பதினோரு மணி வாக்கில் விற்க ஆர்டர் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வந்து மறுபடி லாகின் செய்தால், என் பங்குகளைக் காட்டும் ஹோல்டிங்ஸ் பக்கம் காலி. விற்றுவிட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. உதவி எண்ணில் பதிவு செய்த குரல் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது, மனிதக் குரல் வரவேயில்லை. ஆர்டர் போகவில்லை என்று தெரிந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது, அதற்குள் விலை இன்னும் கீழே.

காரணம் புரியாமல் இல்லை. 2020 மார்ச்சில் நாடு முழுக்க 4 கோடி அளவில் இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குகள்) 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டிவிட்டன. அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் விற்கும் பட்டனை அழுத்தும் நாளுக்கு சர்வர் தாங்க வேண்டும். அதற்காகத்தான் உச்சபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு திறன் வைத்திருக்க வேண்டும் என்று பெரிய புரோக்கர்களுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதி போட்டது. விதி இருந்தும் ஆப் நிற்கிறது, நின்றால் நமக்கு வழி என்ன என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் அதே ஆண்டு டிசம்பரில் கிடைத்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது, திங்கட்கிழமை, டிசம்பர் 2, தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்துவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, மொபைல் டேட்டா இல்லை, ஆனால் பேச மட்டும் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவசரமாகப் பணம் தேவைப்பட்டதால், பங்கை விற்க, கிளையில் நமக்காக ஆர்டர் போடும் டீலரின் எண்ணுக்கு அடித்தேன். புதுச்சேரி கிளையும் தண்ணீரில்தான், ஆனால் அழைப்பு அதே புரோக்கரின் சென்னை டெஸ்குக்குப் போனது. எடுத்தவர் கிளையன்ட் கோடும் பிறந்த தேதியும் கேட்டார், பங்கு, எண்ணிக்கை, விலை மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு ‘போட்டாச்சு சார்’ என்றார். நாலு நிமிடம் கூட ஆகியிருக்காது. அந்த 0.30 சதவீதம் எனக்கு அன்றைக்கே கணக்கில் நேராகிவிட்டது.

டிஸ்கவுன்ட் புரோக்கர்களிலும் சிலர் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு போனில் ஆர்டர் எடுக்கிறார்கள். ஆனால் ஆப் நின்ற அதே நேரத்தில் எல்லோரும் அந்த எண்ணுக்குத்தான் அடிப்பார்கள். ஜூன் 4 மாதிரி சரிவு நாளில் என் டீலரை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, அன்றைக்கு அவர் லைனும் பிஸியாக இருக்கலாம். 2021 பிப்ரவரி 24 அன்று போல தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயே நின்றுவிட்டால் எந்தப் புரோக்கரை வைத்திருந்தாலும் அங்கே விற்க முடியாது.

ஆப்பிலேயே இருக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விலை நாம் சொன்ன அளவுக்கு இறங்கினால் விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர், சந்தை நேரத்தில் எக்ஸ்சேஞ்சிலேயே (பங்குச் சந்தையிலேயே) போய் உட்கார்ந்துவிடும், அதற்குப் பிறகு ஆப் படுத்தாலும் அது வேலை செய்யும். நாள் கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி (GTT) ஆர்டர் அப்படி இல்லை, விலை வரும்வரை புரோக்கரின் சர்வரிலேயே காத்திருக்கும்.

கிளையில் கணக்குத் தொடங்கப் போனால் டீலரின் நேரடி எண்ணோடு, கிளை மூடியிருந்தால் அடிக்க வேண்டிய எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு திங்கட்கிழமை காலை, சந்தை திறக்கும் 9:15க்கு அடித்துப் பாருங்கள், எத்தனை ரிங்கில் எடுக்கிறார்கள் என்று.