யமஹா பான்ஷீ 350: மூன்று முறை பிரித்துச் சேர்த்த பின் எழுதும் மதிப்புரை

மணலிலும் மண்பாதையிலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டியான (ஏடிவி) யமஹா பான்ஷீயின் 2001ஆம் ஆண்டு மாடல் ஒன்றைப் பயன்படுத்திய வண்டியாக வாங்கி, ஃபீனிக்ஸில் என் வீட்டுக் கொட்டகையில் வைத்து அதன் இன்ஜினை மூன்று முறை முழுவதுமாகப் பிரித்துச் சேர்த்து, இரண்டு குளிர்காலங்கள் கலிஃபோர்னியாவின் க்ளாமிஸ் மணற்குன்றுகளில் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். வண்டி, அதன் இன்ஜினுக்கெனக் கடைகளில் கிடைக்கும் கூடுதல் பாகங்கள், சிலிண்டர் சுவரில் கலவை நுழையவும் புகை வெளியேறவும் உள்ள திறப்புகளை (போர்ட்) வெட்டித் திருத்தும் போர்ட் வேலை ஆகிய மூன்றையும் பற்றிய என் மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பான்ஷீ இன்றும் வாங்கத் தகுந்த வண்டிதான். ஆனால் அதன் இன்ஜினுக்குச் செலவிடும் முதல் பணம் பளபளப்பான பாகங்களுக்குப் போகக் கூடாது, அளவெடுப்பதற்குப் போக வேண்டும்.

1987ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமாகி, அமெரிக்காவில் 2006 மாடல் வரை விற்பனையில் இருந்த பான்ஷீயின் இதயம், 347 சிசி கொள்ளளவுள்ள, நீரால் குளிரூட்டப்படும் இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். யமஹாவின் ஆர்இசட் 350 என்ற சாலை மோட்டார் சைக்கிளிலிருந்து வந்த வடிவமைப்பு இது. சிலிண்டரின் விட்டம் 64 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 54 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் முதன்முறை படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1980களில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ராஜ்தூத் 350 வண்டிக்கும், அதாவது ஆர்டி 350க்கும், இதே 64க்கு 54 அளவுதான். அது காற்றால் குளிர்ந்தது, இது நீரால் குளிர்கிறது. ஆனாலும் குடும்பம் ஒன்றே. ஆர்டியின் ஒலியைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குப் பான்ஷீ அந்நிய வண்டியாகத் தோன்றாது.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இந்த இன்ஜின் அடக்கமானது. 26 மி.மீ. மிகுனி கார்புரேட்டர்கள் இரண்டு, ஆறு கியர்கள், உதைத்துக் கிளப்ப ஒரு கிக்கர், அவ்வளவுதான். பட்டன் ஸ்டார்ட் கிடையாது. ஆர்இசட் 350இல் இருந்த பவர் வால்வும் இதில் இல்லை. புகை வெளியேறும் திறப்பான எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தை இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப மாற்றும் அந்த அமைப்பு இல்லாததால், போர்ட்டின் உயரத்தை எங்கே நிறுத்துகிறோமோ அங்கேதான் இன்ஜினின் குணமும் நின்றுவிடும். கீழ் வேகத்தில் சோம்பலாக இழுத்து, நடு வேகத்தைக் கடந்ததும் திடீரென்று சீறிப் பாயும் பான்ஷீயின் புகழ்பெற்ற சுபாவத்துக்கு இதுவும் ஒரு காரணம். இந்த இன்ஜினில் செய்யும் எந்த மாற்றமும் ஓர் இடத்தில் கொடுத்து இன்னோர் இடத்தில் எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் இதில் திருப்தி கிடைக்கும்.

என் வண்டி, முன்பு வைத்திருந்தவர் பந்தயக் குழாய்களைப் பொருத்திய நிலையில் என்னிடம் வந்தது. வாங்கிய இரண்டாவது வாரத்திலேயே வலது பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் கலவை மெலிந்ததால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாததால், வந்த சூடுதான் காரணம் என்று எளிதாகத் தெரிந்தது; ஏன் மெலிந்தது என்பதுதான் தெரியவில்லை, ஏனென்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகுகளான ஜெட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரியாகவே இருந்தன. அதன் பிறகுதான் கசிவுச் சோதனைக்கான எளிய கருவி ஒன்றைச் செய்தேன். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, கைப்பம்பால் இன்ஜினுக்குள் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, ஆறு நிமிடம் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. என் இன்ஜினில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே வந்தபோது, வலது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர்க் குழலின் அடிப்பக்கத்தில், விரலால் வளைத்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் மயிரிழை வெடிப்பிலிருந்து சிறு குமிழ்கள் வரிசையாக எழுந்தன. சில டாலர் பெறுமானமுள்ள அந்த ரப்பர் துண்டு ஒரு பிஸ்டனையும், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ஒரு ரீபோர் செலவையும் விழுங்கியிருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டனுக்குக் கீழே சுழலும் தண்டு (கிராங்க்) இருக்கும் அறையே காற்றை உறிஞ்சித் தள்ளும் பம்பாக இருப்பதால், கிராங்க் சீல், ரப்பர்க் குழல், கேஸ்கெட் ஆகியவற்றில் எங்கே ஓட்டை விழுந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். பான்ஷீ வாங்கும் யாரும் வேறு எந்தப் பாகத்துக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

அடுத்தது குழாய். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்பது சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் அல்ல. அது இன்ஜினின் இயங்கும் உறுப்பு. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தவுடன் கிளம்பும் அழுத்த அலை, குழாயின் விரியும் பகுதியில் எதிரழுத்த அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சுகிறது, கிராங்க் அறையிலிருந்து வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாகப் புதிய கலவையையும் இழுத்து வருகிறது. பிறகு குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் இன்னோர் அலை, வழிந்து குழாய்க்குள் போய்விட்ட புதிய கலவையை, போர்ட் மூடுவதற்குச் சற்று முன் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. இந்த அறிவைப் பந்தயத்தில் முறையாகப் பயன்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் 1950களில் பணியாற்றிய வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் நாட்டை விட்டுத் தப்பி சுசுகியில் சேர்ந்ததும், மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை அந்நிறுவனத்துக்காக வென்றதும், இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த ஒரு குழாய்க்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதைக் காட்டும்.

அந்த அலை திரும்பி வரும் நேரம் குழாயின் நீளத்தையும் உள்ளிருக்கும் புகையின் வெப்பத்தையும் பொறுத்தது. ஆகவே ஒரு குழாய் எல்லா வேகத்திலும் உதவாது. பான்ஷீக்குக் கிடைக்கும் குழாய்களில் எஃப்எம்எஃப் ஃபேட்டி கீழ் வேகத்துக்கும் நடு வேகத்துக்கும் ஏற்றது. டூமி டி-5 நடுவிலிருந்து மேலே வரை பரவலாக இழுப்பது. நேர்கோட்டுப் பந்தயத்துக்கெனவே செய்யப்படும் குழாய்கள் மேல் வேகத்தில் மட்டும் உயிர் பெறுபவை. நான் டி-5ஐத் தேர்ந்தேன். மணலில் துடுப்பு டயர்களோடு குன்று ஏறும்போது இன்ஜின் வேகம் இறங்கிப் போய்விட்டால் மீட்பது கடினம். வீச்சு அகலமாக இருக்கும் குழாய்தான் அங்கே கைகொடுக்கும். ஓல்ட்ஸ்மொபைல் ஹில் என்ற பெயர்பெற்ற ஏற்றத்தில் இதை நேராகவே உணர்ந்தேன்: பழைய குழாயில் நான்காவது கியருக்கு மாற்றியதும் மூச்சு வாங்கிய இன்ஜின், இப்போது அதே கியரில் உச்சி வரை போகிறது. இந்த வண்டிக்கு நான் வாங்கியவற்றுள் கொடுத்த பணத்துக்கு அதிகப் பலன் தந்தது இந்தக் குழாய்தான்.

குழாயை மாற்றிய அன்றே ஜெட்டையும் மாற்ற வேண்டும். கூடுதலாக மூச்சுவிடும் இன்ஜினுக்குப் பழைய அளவு பெட்ரோலைக் கொடுத்தால் பிஸ்டன் உருகும். ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும் நிலையிலிருந்து கால் பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடிலும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆக்ஸிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி இந்தப் பங்குகளைக் கோடு போட்டு வைத்துக்கொண்டதால், எந்த நிலையில் இன்ஜின் தடுமாறுகிறது என்பதை ஊகிக்காமல் பார்த்தே சொல்ல முடிந்தது. மெயின் ஜெட்டை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு, முழுத் திறப்பில் இன்ஜின் பொருமும் நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன். ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் ஓடும்போதே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பீங்கானின் அடியில் படிந்த வளையத்தின் நிறத்தைப் பார்த்தேன். என் வண்டி 270ஆம் எண் ஜெட்டில் நிலைகொண்டது. இது என் இன்ஜினுக்கும் க்ளாமிஸ் குளிர்காலத்துக்கும் மட்டுமே பொருந்தும் எண். இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. யூட்டா மாநிலத்தில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லிட்டில் சஹாரா மணற்குன்றுகளுக்குப் போனபோது, அதே ஜெட்டில் வண்டி புகை கக்கித் திணறியது. 250க்கு இறக்கிய பிறகே சீரானது.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைப் பொறுத்தவரை, புரோ டிசைன் நிறுவனத்தின் கூல் ஹெட்டைப் போட்டேன். மேல் ஓடு ஒன்று, அதற்குள் கழற்றி மாற்றக்கூடிய எரி அறைகள் இரண்டு, கேஸ்கெட்டுக்குப் பதிலாக ஓ-ரிங்குகள் என்பதே அதன் அமைப்பு. எரி அறையின் சிசி எண் குறையக் குறைய அழுத்தம் கூடும், அதற்கேற்ப உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படும். பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலிலேயே ஓட்ட விரும்பியதால் மிதமான அறைகளையே கேட்டு வாங்கினேன். எண்ணை விட முக்கியமானது ஸ்க்விஷ் இடைவெளி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் சந்து. அதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சால்டரிங் கம்பியை வளைத்து, பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும் வரை, பிஸ்டனின் குறுக்கே செல்லும் பிணைப்புத் தண்டு (பிஸ்டன் பின்) இருக்கும் திசையில் நுழைத்து, கிராங்கைக் கையால் ஒருமுறை உச்சியைக் கடக்கச் சுற்றினால், நசுங்கிய நுனியின் தடிமனே இடைவெளி. பழைய ஹெட்டில் இடப்பக்கம் 1.68 மி.மீ., வலப்பக்கம் 1.61 மி.மீ. என்று வந்தது, புதியதில் இரண்டும் 1.1 மி.மீ. அருகே ஒத்து நின்றன. இரண்டு சிலிண்டர்களும் ஒரே மாதிரி வேலை செய்யத் தொடங்கியதை, எந்தக் கருவியும் இல்லாமல், கைப்பிடியின் அதிர்வு தணிந்ததிலேயே அறிந்தேன்.

உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வையும், பிளக் தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல நிலையில் உள்ள ரீட் தகடுகளை மாற்றியதால் கிடைத்த மாற்றம் சிறிது. நுனி சிதறியிருந்தால் மட்டும் உடனே மாற்ற வேண்டும். டைமிங்கை நான்கு டிகிரி முன்னே தள்ளியதால் நடு வேகத்தில் பிக்கப் தெளிவாகக் கூடியது, உச்ச வேகத்தில் சற்றுக் குறைந்தது.

போர்ட் வேலையில்தான் எனக்கு மனவருத்தம் ஏற்பட்டது. பிஸ்டன் பிடித்துக்கொண்ட இன்ஜினின் சிலிண்டர்களை ரீபோர் செய்யவும், எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சிறிது உயர்த்தவும் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே ஆட்காட்டி விரலை விட்டு மெல்ல வருடியபோது, போர்ட்டின் மேல் விளிம்பு கத்தி போலத் தோலைச் சுரண்டியது. காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியை அதே இடத்தில் இழுத்தால் பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டது. பஞ்சு மாட்டும் இடத்தில் பிஸ்டன் ரிங்கும் மாட்டும். போர் போட்ட பிறகு போர்ட் விளிம்புகளைச் சாய்வாக மழித்துவிடுவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி; அதை விட்டுவிட்டுப் பில் எழுதும் பட்டறையிடம், போர்ட்டின் உயரம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டாவதாக நான் நாடிய கைத்தொழிலர், வேலையைத் தொடுவதற்கு முன்பே எந்தக் குழாய், எந்தப் பெட்ரோல், எந்த உயரத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார்; கோணம் அளக்கும் டிகிரி வட்டத்தைக் கிராங்கில் பொருத்தி, போர்ட்கள் திறக்கும் கோணங்களை இரு சிலிண்டர்களுக்கும் எழுதியே கொடுத்தார். நான் கேட்டதைவிடக் குறைவாகவே உயர்த்தும்படி அறிவுரை சொன்னதும் அவர்தான். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்த உயர்த்தச் சக்தி மேல் வேகத்துக்கு நகரும், கீழே வெறுமையாகும். வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

பான்ஷீக்காரர்கள் அடுத்தபடியாகப் பேசுவது கொள்ளளவைக் கூட்டுவது பற்றி. ஓட்டத்தை 4 மி.மீ. நீட்டும் கிராங்க் போட்டால் 373 சிசி. அதோடு 68 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர்களையும் சேர்த்தால் 421 சிசி. நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அவை தேவைப்படலாம். நாள் முழுவதும் குன்றுகளில் சுற்றுபவருக்கு, அந்தப் பணத்தில் பழைய கிராங்கைப் புதிய பேரிங், புதிய சீல்களோடு சரிபார்த்துச் சமன் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து.

தினசரிப் பராமரிப்பில் இந்த இன்ஜின் கேட்பது அதிகமில்லை. ஆயிலைப் பெட்ரோலோடு நாமே கலக்க வேண்டும். நான் 32க்கு 1 என்ற விகிதத்தில், 5 கேலன் கேனுக்கு 591 மி.லி. டூ-டி ஆயில் சேர்க்கிறேன். ஆயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும் என்பதால், விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். குளிர்ந்த காலையில் உதைத்துக் கிளப்பியதும் முறுக்கக் கூடாது. பிஸ்டன் சீக்கிரம் சூடேறி விரியும். சுற்றிலும் குளிர்ந்த நீர் நிற்கும் சிலிண்டர் அவ்வளவு வேகத்தில் விரியாது. சிலிண்டரின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்து, இளஞ்சூடு நன்றாக ஏறிய பிறகே நான் முதல் கியரைப் போடுகிறேன். இந்தப் பருவம் முடிந்து சிலிண்டர்களைக் கழற்றியபோது, பிஸ்டன்களின் பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. சுவரை உரசிச் சீராக்கும்போது விழுந்த ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே தெரிந்தன. ரிங்குகளை மட்டும் மாற்றி, மறுபடியும் 6 பிஎஸ்ஐ ஏற்றி, ஆறு நிமிடம் முள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகு இன்ஜினைச் சட்டத்தில் ஏற்றியிருக்கிறேன்.